பதினொரு மாத அரிசி

"காத்து ரேசன் அட்டையில பேரு சேக்கறதுங்களா? கையை நீட்டுங்க, நாலே நாள்தான். வீட்டுக் கதவு எண் மாத்தறதுங்களா? அதுக்கு ரெண்டு மாசம், தோள்ல போட்டுக்கலாம். குடும்ப இணைவுச் சான்றிதழா? அதுக்குக் கையெல்லாம் பத்தாதுங்க. தொடையைக் காட்டுங்க. பதினொரு மாசம்."

செவ்வாய்க் கோளின் புதுப்பொள்ளாச்சிக் குடியிருப்பில், மக்கள் சேவை மாளிகையின் வாசலில், தினமும் காலை ஒன்பது மணிக்கு இந்தக் குரல் ஒலிக்கும். குரலுக்கு உரியது 'ஊசியாள்' என்னும் இயந்திரம். விண்ணப்பம் கொடுக்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் ஊசியாளிடம் பொறுமை போட்டுக்கொள்ள வேண்டும். பிறகுதான் டோக்கன். அதற்கும் பிறகுதான் நாற்காலி.

புதுப்பொள்ளாச்சியில் இது யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால், இதே மாளிகையின் நான்காவது சன்னலில், மூன்று மணி நேரம் நின்று பார்த்த ஒருவர் பொறுமையிழந்து நாற்காலியைத் தூக்கி வீசினார். பூமியாக இருந்தால் கண்ணாடிதான் உடைந்திருக்கும். செவ்வாயில் எடை குறைவு. நாற்காலி பறந்து போய்க் குவிமாடக் கூரையில் மோதி விரிசல் விழுந்து, ஊரின் காற்று பாதி வெளியே போய்விட்டது. இனி இப்படி நடக்காமலிருக்க அலுவலகத்தை வேகப்படுத்துவதா, மக்களை நிதானப்படுத்துவதா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். அலுவலகத்தைத் தொடுவதைவிட மக்களைத் தொடுவது சுலபம் என்று குழு கண்டுபிடித்தது.

சாந்தினி என்ற மருந்து அப்படித்தான் வந்தது. சாப்பிட்டால் மனம் குளம்போல் ஆகிவிடும். என்ன, சில மணி நேரத்தில் அது ரத்தத்திலிருந்து கழிந்துவிடும். காத்திருப்பு நீள நீளத் தினமும் மூன்று வேளை மருந்து கொடுக்க ஆள் ஏது? ஆகவே மருந்தை ஒரு கரையும் நெகிழிக்குள் அடைத்து உடம்புக்குள் விதைத்துவிடும் வழியைப் பிடித்தார்கள்.

பாலைப் புளிக்க வைக்கும் அமிலம் ஒன்று, கரும்புச் சாற்றில் இருக்கும் அமிலம் ஒன்று. இந்த இரண்டின் துணுக்குகளையும் மணி கோப்பதுபோல் ஆயிரக்கணக்கில் கோத்தால் அந்த நெகிழி கிடைக்கும். கரைசரம் என்று அதற்குப் பெயர். உடம்பில் இருக்கும் தண்ணீர், கோத்த இடமாகப் பார்த்து ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே வரும். சரம் துண்டாகும், துண்டு கரையும், கரைந்தது கடைசியில் தண்ணீராகவும் மூச்சுக்காற்றாகவும் வெளியே போய்விடும். உள்ளே சிறையிருந்த மருந்து அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக விடுதலையாகியிருக்கும். கரும்புப் பங்கை ஏற்றிச் சரத்தைக் குட்டையாக்கினால் சில நாளிலேயே கரையும். பால் பங்கை ஏற்றினால் மாதக்கணக்கில் நின்று கரையும். பார்க்க அரிசி மணி மாதிரியே இருப்பதால் ஊரில் எல்லாரும் அதை அரிசி என்றே சொன்னார்கள். "எத்தனை மாச அரிசிங்க உங்களுக்கு?" என்பது அங்கே சாதாரணக் குசலம்.

அந்த அரிசியை ஆக்கும் ஆலையில், நெகிழியை உருக்கும் உருக்குப் பிரிவுக்குத் தலைவி பாவாத்தாள். வயது முப்பத்தாறு. பாட்டன் பூட்டன் காலத்துப் பெயர்கள் செவ்வாயில் மறுபடி நாகரிகமாகிவிட்டிருந்தன. அவள் கணவன் மருதாசலம் ஆறு வருடமாக நிலாவில் பாரந்தூக்கி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனைத் தன்னிடம் வரவழைக்க அவளுக்குத் தேவை ஒரு குடும்ப இணைவுச் சான்றிதழ்.

இங்கே ஒரு சிறு சிக்கல். நிலாவிலிருந்து செவ்வாய்க்குக் கப்பல் இருபத்தாறு மாதத்துக்கு ஒரு தடவைதான் புறப்படும். புறப்படுவதற்கு முந்தின மாதம் சேவை மாளிகையில் ஒருநாள் முகாம் வைத்து விண்ணப்பம் வாங்குவார்கள். சான்றிதழ் கிடைக்கப் பதினொரு மாதம். ஆக, கப்பல் போய்ப் பத்து மாதம் கழித்துத்தான் சான்றிதழ் கைக்கு வரும். அதை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். கப்பல் ஒவ்வொரு தடவையும் பாதி காலியாகத்தான் வந்துகொண்டிருந்தது. யாரும் கேட்டதில்லை. எல்லாருடைய தொடையிலும் அரிசி இருந்தது.

பாவாத்தாளும் முகாமன்று கடைசி ஆளாகப் போய்த் தொடையைக் காட்டினாள். டோக்கன் எண் நானூற்றுப் பன்னிரண்டு. அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, வருகைப் பதிவுக்கு விரலை வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். வராவிட்டால் வரிசை போய்விடும். கணவன் இந்தக் கப்பலில் வரமுடியாது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதை நினைத்தால் சிரிப்புதான் வந்தது. இருபத்தொரு நாள் அப்படிச் சிரித்துக்கொண்டே போனது.

இருபத்திரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணிக்குக் காப்பித் தம்ளரை வாயருகே கொண்டுபோனவளுக்குத் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

இன்று மதியம் பன்னிரண்டு மணியோடு கப்பலில் இடம் பிடிப்பது முடிகிறது. இன்னும் ஆறே மணி நேரம். விட்டால், அடுத்த கப்பல், பயணம் எல்லாம் சேர்த்து, அவனைப் பார்க்க மூன்று வருடம். காப்பி கையில் கொட்டியது. 'நான் எதுக்கு இப்படிப் பதறறேன்?' என்று யோசித்தாள். பதறுவதற்கு வழியே இல்லையே. தொடையில் இன்னும் பத்து மாதத்துக்கு மேல் பொறுமை பாக்கியிருக்க வேண்டுமே.

உருக்குப் பிரிவுத் தலைவிக்கு அதற்கு மேல் காப்பி இறங்குமா? ஆலைக்கு ஓடினாள்.

ஆலையில் ஒவ்வொரு தடவை ஆக்கிய ஈட்டிலிருந்தும் நூறு அரிசியை எடுத்து, உடம்புச் சூட்டில் வைத்த உப்புத் தண்ணீர்ப் புட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். தொடைக்குள் என்ன நடக்கிறதோ அதுவே புட்டிக்குள்ளும் நடக்கும். முகாமுக்கென்று செய்த ஈட்டின் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அரிசி முழுசாகத்தான் தெரிந்தது. ஒன்றை எடுத்து விரலில் வைத்து அழுத்தினாள். பொக்கென்று போயிற்று. தோல் மட்டும்தான் மிச்சம். உள்ளே வெறும் கூழ். இந்த நெகிழியின் குணமே அதுதான். அறுந்த துண்டுகளின் புளிப்பு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, நடுப்பகுதியை முதலில் தின்றுவிடும். புட்டித் தண்ணீரைச் சோதித்தாள். பதினொரு மாத மருந்து மொத்தமும் முதல் மூன்று வாரத்திலேயே வெளியே வந்து முடிந்திருந்தது.

எப்படி நேர்ந்தது? செய்முறை சந்தகை என்கிற இடியாப்பம் பிழிகிற மாதிரிதான். நெகிழிக் குருணையோடு மருந்துப் பொடியைக் கலந்து, சூடான குழாய்க்குள் திருகித் தள்ளினால் மறுமுனையில் நூலாக வரும். ஆறியதும் வெட்ட வேண்டும். ஒரே ஒரு கட்டுப்பாடு, உருக்குவதற்கு முன் குருணை சருகாகக் காய்ந்திருக்க வேண்டும். உடம்புக்குள் மாதக்கணக்கில் நடக்க வேண்டிய அறுப்பு வேலையை, உருக்குக் குழாய்க்குள் துளி ஈரம் பத்தே நிமிடத்தில் பாதி முடித்துவிடும். அதற்காகவே ஆலையில் உலர்த்தறை இருந்தது. இதமான சூடு, ஈரமே இல்லாத காற்று, வரிசை வரிசையாகத் தட்டு.

உலர்த்தறை என்றதும் பாவாத்தாளுக்குத் தன் வடகம் நினைவுக்கு வந்தது.

செவ்வாயில் மொட்டை மாடி கிடையாது. வெளியே வெயில் அடிக்கிறதே தவிர, வெளியே வைத்த பொருள் நச்சுத் தூசி படிந்து திரும்பி வரும். மருதாசலம் நிலாவிலிருந்து அனுப்பிய ஒவ்வொரு கடிதத்திலும், குழாய்ச் சோறு தின்று நாக்கு செத்துப்போச்சு, ரசத்துக்கு நாலு கூழ்வடகம் பொரித்துக் கொடுத்தால் போதும் என்று எழுதியிருந்தான். எப்போது வந்தாலும் வரட்டும், வடகம் தயாராக இருக்கட்டும் என்று ஒரு விடுமுறை நாளில் நாலு படி சோற்றரிசிக்குக் கூழ் காய்ச்சி, உலர்த்தறையின் மேல் தட்டுகளில் பிழிந்து வைத்தது அவள்தான். வடகம் கண்ணாடி மாதிரி காய்ந்திருந்தது. அதன் ஈரமெல்லாம் கீழ்த்தட்டுக் குருணைக்கு இறங்கியிருக்கிறது. அந்தக் குருணையில் செய்ததுதான் முகாம் அரிசி. நானூற்றுப் பன்னிரண்டு தொடை.

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தனக்குக் காலை ஆறு மணிக்குப் பொறுமை தீர்ந்தது. மற்றவர்களுக்கும் ஏறக்குறைய அதே நேரத்தில் தீர்ந்திருக்கும். ஒன்பது மணிக்கு நானூற்றுப் பதினொரு பேர், அத்தனை பேரும் கப்பலில் தங்கள் ஆளை வரவழைக்க முடியாதவர்கள், ஒரே கூடத்தில் உட்காரப் போகிறார்கள். ஆளுக்கொரு நாற்காலியோடு. மேலே கண்ணாடிக் கூரை. கலவரம் வந்தால் சன்னலை மூடிவிடுவார்கள். மருதாசலம் வரமாட்டான். ஊரில் காற்றும் இருக்காது. எல்லாம் நாலு படி வடகத்தால்.

மாளிகைக்குள் அவள் நுழைந்தபோது கூடம் நிறைந்திருந்தது. தரச் சோதனை என்று சொல்லி, விரல் நுனியில் தொட்டால் ரத்தத்தில் மருந்தைக் காட்டும் மானியோடு முதல் வரிசையில் தொடங்கினாள். சுழியம். அடுத்தவருக்கும் சுழியம். முப்பது பேரைத் தொட்டுப் பார்த்தாள். முப்பதும் சுழியம்.

அவர்கள் அமைதியாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் தொடையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரு அம்மாள் நகத்தைக் கடித்து முடித்துவிட்டு, டோக்கனின் முனையைக் கடிக்க ஆரம்பித்திருந்தாள். பெருமூச்சுகள் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பின. இந்த ஆபீஸ் உருப்படாது என்று மூன்று பேர் மூன்று இடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அவள் நாற்காலிக்கு அடுத்த நாற்காலிக்காரர் சென்னியப்பன். டோக்கன் நானூற்றுப் பதினொன்று. குவிமாடத்துக் குழாய்களைப் பழுது பார்க்கிறவர். நிலாவில் இருக்கும் மகளுக்காக வந்து உட்கார்ந்திருப்பவர். அவருக்கும் மானி சுழியம் காட்டியது. உள்ளுக்குள் ஏதாவது பண்ணுகிறதா என்று பாவாத்தாள் மெல்லக் கேட்டாள். காலையிலிருந்து நெஞ்சு திகுதிகு என்று இருக்கிறது, பன்னிரண்டு மணி ஆனால் மகள் வரமுடியாதே என்று அழுகையாக வருகிறது என்றார் அவர்.

"அப்ப எந்திரிச்சுப் போயி ஒரு வார்த்தை கேக்கறதுதானுங்களே?"

சென்னியப்பன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "எல்லாரும் உக்காந்துதானுங்களே அம்மிணி இருக்கறாங்க."

மணி ஒன்பதே முக்கால். பாவாத்தாள் எழுந்தாள். கூடத்தைக் கடந்து சன்னலுக்கு இருபது அடி. அந்த இருபது அடியை நாற்காலிக்காரர் யாரும் டோக்கனில் போட்ட தேதிக்கு முன்னால் நடந்து பார்த்ததில்லை. சன்னலுக்குப் பின்னால் அதிகாரி கிருபாகரன், தன் மேசையிலிருந்த சின்னக் கள்ளிச்செடிக்குத் துணியால் தூசி துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் சற்றுக் கூச்சப்பட்டார். வழக்கத்தில் இல்லாத நேரத்தில் மனித முகம் பார்த்தால் யாருக்குமே அப்படித்தான்.

"நானூத்திப் பன்னண்டுங்க. என்ற சான்றிதழ் வேணும். இப்பவே."

அவர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே வரிசையாக, மடிப்புக் கலையாமல், முத்திரை பதித்த சான்றிதழ்கள் அடுக்கியிருந்தன. கடைசியில் இருந்ததை உருவி, பெயரைச் சரிபார்த்து, சன்னல் வழியாக நீட்டினார். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இது எப்பங்க எழுதுனது?" என்றாள் பாவாத்தாள்.

"நீங்க விண்ணப்பம் குடுத்த அன்னிக்குச் சாயங்காலமே. எல்லாரோடதும் தயார்தானுங்க."

"அப்புறம் ஏனுங்க குடுக்கல?"

"விண்ணப்பதாரர் நேர்ல வந்து கேட்டு வாங்கிக்கோணும்னு விதி. யாரும் கேக்கலீங்களே."

"டோக்கன்ல பதினொரு மாசம் கழிச்சுத் தேதி போட்டிருக்குதே?"

"அது எங்க தேதி இல்லீங்க, அரிசி கரையற தேதி. அது கரைஞ்ச பொறவுதான் ஆளுக எந்திரிச்சு வர்றாங்க. அந்தக் கணக்கு உங்க ஆலையில இருந்துதான் வருது."

பாவாத்தாள் சன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க ஆலைக்கு அந்தக் கணக்கை நீங்கதானுங்க அனுப்பறீங்க. மக்கள் சராசரியா எத்தனை நாள் காத்திருக்கறாங்கன்னு வருசா வருசம் எழுதி அனுப்பறீங்க. பத்தாமப் போயிரக் கூடாதுன்னு நாங்க அதுக்கு மேல கொஞ்சம் சேத்துப் பிழியறோம்."

கிருபாகரன் தூசித் துணியைக் கீழே வைத்தார். முதல் வருடம் அரிசி கிடையாது, மூன்று மணி நேரத்துக்கு ஒரு மாத்திரைதான் என்று பயிற்சியின்போது படித்தது அவருக்கு நினைவு வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பீறிட்டது. அலுவலக நேரத்தில் சன்னலுக்கு இருபுறமும் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்தக் கூடத்தின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

அங்கேயே நின்று சான்றிதழைப் படமெடுத்து நிலாவுக்கு அனுப்பினாள். போக எட்டு நிமிடம், வர எட்டு நிமிடம். அந்தப் பதினாறு நிமிடமும் அவள் நகத்தைக் கடித்தாள். பதில் மருதாசலத்திடமிருந்தே வந்தது. "இடம் கெடச்சிருச்சு. கப்பல் காலியாத்தான் கெடக்குது. இன்னும் எத்தனை பேரு வேணுனாலும் ஏறலாமாம். இங்க சாக்குப்பை கட்டறேன்."

பாவாத்தாள் அத்தோடு வெளியே போயிருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். ஆனால் மகிழ்ச்சி தலைக்கேறிய மனிதர்கள் நல்லது செய்யாமல் விடமாட்டார்கள். மணி பத்து ஐந்து. இன்னும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் இருக்கிறது. நானூற்றுப் பதினொரு பேரின் ஆட்களும் ஏறிவிடலாம். அவள் கூடத்தின் நடுவில் போய் நின்றாள்.

தவறு தன்னுடையது என்று வடகத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். யார் தொடையிலும் மருந்து இல்லை என்றாள். சான்றிதழெல்லாம் எழுதி இழுப்பறையில் கிடக்கிறது, போய்க் கேட்டால் போதும் என்றாள். கையிலிருந்ததை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள்.

முதலில் சென்னியப்பன் எழுந்தார். திகுதிகு என்று இருந்த நெஞ்சுக்கு அவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

"அதெப்படிங்க அம்மிணி? என்ற டோக்கன் நானூத்திப் பதினொண்ணு. நீங்க எனக்கு அடுத்த ஆளு. எனக்கு முன்னால எப்படிப் போனீங்க?"

அவ்வளவுதான். நானூற்றுப் பத்துப் பேரும் எழுந்தார்கள். எல்லாருக்கும் கடைசி ஆள் எல்லாருக்கும் முதலில் வாங்கிவிட்டாள். ஆலைக்காரி என்பதால் சலுகையா என்றார் ஒருவர். ஒரே நிமிடத்தில் கொடுத்த சான்றிதழ் எப்படி உண்மையாக இருக்கும், போலிதான் என்றார் இன்னொருவர். டோக்கனைக் கடித்துக்கொண்டிருந்த அம்மாள், தான் முகாமன்று விடிகாலையிலேயே வந்து வாங்கிய டோக்கன் அது என்று சொல்லி அழுதாள். நாலு நாற்காலிகள் தரையிலிருந்து உயர்ந்தன. அத்தனையும் பாவாத்தாளைக் குறிபார்த்தன. சன்னல் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

பாவாத்தாள் சான்றிதழைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, செவ்வாயின் எடைக் குறைவு எதற்குப் படைக்கப்பட்டது என்பதை அன்று புரிந்துகொண்டவளாக, மூன்று தாவலில் வாசலைக் கடந்தாள்.

கூரையை அண்ணாந்து பார்த்த கிருபாகரன் ஒலிபெருக்கியை எடுத்தார். புகார் இருந்தால் எழுத்து மூலம் தரலாம், தயவு செய்து வரிசையில் வரவும் என்றார். வரிசை என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலிகள் மெல்லத் தரைக்கு வந்தன. அடுத்த ஐந்து நிமிடத்தில், ஒருவரும் சொல்லாமலே டோக்கன் எண்படி, கோடு போட்ட மாதிரி ஒரு வரிசை சன்னலிலிருந்து வாசல்வரை நின்றது. அதிகம் பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் சென்னியப்பனை மட்டும் எல்லாரும் பெருந்தன்மையோடு முன்னால் விட்டார்கள்.

அவர் சன்னலில் நின்று, டோக்கன் முறை மீறி ஒரு பெண் சான்றிதழ் பெற்றது குறித்து இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். அவருடைய முழங்கைக்கு ஓர் அடி கீழே, பாதி திறந்த இழுப்பறையில், கடைசியாக இருந்தது அவர் மகளின் பெயர் எழுதிய சான்றிதழ். மணி பத்தரை. கிருபாகரன் புகாரை வாங்கிக்கொண்டார். இழுப்பறையைப் பார்த்தார், சென்னியப்பனைப் பார்த்தார். விதியை மீறாமல் தன்னால் எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் போய்க் கேட்டார்.

"வேற ஏதாச்சும் வேணுங்களா?"

சென்னியப்பன் யோசித்தார். டோக்கனை எடுத்துத் தேதியை ஒருமுறை பார்த்தார்.

"வேற ஒண்ணுமில்லீங்க. அதுக்கு இன்னும் நாள் இருக்குது."

நியாயம் கேட்டுவிட்ட நிம்மதியோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டு இடம் பிடித்துவைத்தார். அவர் மச்சினன் ஏதோ விண்ணப்பம் கொடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார்.